கணிதமேதை இராமானுஜன்: இளமை இடர்களும் மனநலமும்

சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். 2 வயதில் பெரியம்மையினின்று பிழைத்தார். அவருக்குப் பின் பிறந்த மூவர் பச்சிளம் பருவத்திலேயே இறந்தனர்.

கணிதத்தில் மட்டுமே மனம் ஊன்றியதால் கல்லூரி உதவித்தொகையை இழந்து, 1905-இல் எவரிடமும் கூறாமல் வீட்டைவிட்டு வெளியேறினார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் தேர்வில் வெற்றி பெறவில்லை. வறுமையில் உழன்ற அவருக்கு 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது.

1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். போர்க்காலத்தில் சைவ உணவு கிடைப்பது அரிதாயிற்று. குளிர், தனிமை, இல்லத்தாரிடமிருந்து கடிதம் வாராமை ஆகியன அவரை வாட்டின. 1917-இல் கடும் நோயுற்று மருத்துவ இல்லங்களில் தங்கினார். 1918-இன் தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார்.

இவ்வாழ்வு உணர்த்துவது யாது?

ஒருவரின் மனத்துயருக்கு இன்னதே காரணம் எனத் தொலைவிலிருந்து தீர்மானித்தல் முறையன்று. எனினும், குழந்தைப் பருவ இழப்பு, வறுமை, வன்முறை போன்றவை பிற்கால மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் வாய்ப்பை மிகுவிக்கும் என ஆய்வுகள் காட்டுகின்றன. நெடுநாள் நீடிக்கும் நெருக்கடி, உடலின் கார்டிசால் சுரப்பைச் சீர்குலைத்து உறக்கத்தையும் நினைவாற்றலையும் பாதிக்கும். இத்தகையோருக்கு நோய் இளவயதிலேயே தொடங்கலாம். சிகிச்சையின் பயன் தெரியச் சற்றுக் காலம் ஆகலாம். ஆகவே மருத்துவர் இளமைக்கால நிகழ்வுகளைக் கேட்கும்போது தயங்காமல் கூறுதல் நன்று. மருந்துடன் உளவியல் ஆலோசனையும் உரியவாறு வழங்க அது உதவும்.

இராமானுஜனின் உடல்நோய்க்கு மருத்துவம் பார்க்கப்பட்டது. மனத்துயருக்கு இன்றுள்ள உதவிகள் அன்று இல்லை. வேளச்சேரி போன்ற பகுதிகளில் ஊரைவிட்டு வந்து அறையெடுத்துத் தங்கிப் படிப்போரும் பணிபுரிவோரும் பலர். திறமையும் வெற்றியும் மனத்துயருக்குக் காப்பாகா. உறக்கமின்மை, நம்பிக்கையிழப்பு, எவருடனும் பேச விருப்பமின்மை ஆகியன இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகவும். தற்கொலை எண்ணம் தோன்றினால் காத்திருத்தல் கூடாது. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உடனே தெரிவிக்கவும்.

உதவிக்கு: மருத்துவ உதவி எண் 104; டெலி மானஸ் 14416.