அறிஞர் டாப்ஷான்ஸ்கி

மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். என் தந்தையார் முதுகில் பம்பைச் சுமந்து தேயிலைக் கொசுவுக்கு மருந்தடித்தவர். ஒரு முறை அடித்தால் அடங்கிய பூச்சி, பிற்காலத்தில் இரு முறை அடித்தும் அடங்கவில்லை. சரியாக அடிக்கவில்லை என்ற பழி அவர்மீது விழுந்தது. அது நியாயந்தானா என்னும் ஐயம் என்னை விட்டகலவில்லை. விடை தேடும் வழியைக் காட்டியது ஓர் அறிஞரின் வாழ்க்கை.

தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி 1900ஆம் ஆண்டு உக்ரைனில், நெமிரிவ் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் பட்டாம்பூச்சி சேர்த்த அவர், கீவ் பல்கலைக் கழகத்தில் பயின்று பொறிவண்டுகளை ஆராய்ந்தார். ஓரினமாயினும் அவற்றின் சிறகுப் புள்ளிகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. 1927இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மார்கனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சென்ற மண்ணிலேயே வேரூன்றி, 1937இல் அந்நாட்டுக் குடிமகனானார்.

ஆய்வுக்கூடப் புட்டிகளோடு அவர் நின்றாரில்லை. மரணப் பள்ளத்தாக்கை அடுத்த மலைகளில் ஏறிப் பழ ஈக்களைப் பிடித்தார். மலைகளுக்கிடையே பாலைவனம். ஈக்களின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றின் அமைப்பு வகைகள் மலைக்கு மலை வெவ்வேறு விகிதத்தில் இருக்கக் கண்டார். இனம் ஒன்று, மரபோ ஊருக்கு ஊர் வேறு!

அவர் 1937இல் வெளியிட்ட பெருநூல், உழவர் அறிந்த ஒரு செய்தியையும் பேசுகிறது. கலிபோர்னியாவில் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கூடாரத்தால் மூடி, ஹைட்ரஜன் சயனைடு புகையிட்டுச் செதில்பூச்சிகளைக் கொல்வது அந்நாளில் வழக்கமாக இருந்தது. சில வட்டாரங்களில் அவை மடிந்தன. சில வட்டாரங்களில் அதே புகைக்குச் சாகாமல் பிழைத்தன. கூட்டத்தில் முன்பே அரிதாக இருந்த, நஞ்சைத் தாங்கும் பூச்சிகள் மட்டும் எஞ்சிப் பெருகியதே காரணம். இயற்கைத் தேர்வு நம் கண்முன்னே நடப்பதற்கு இதை வலிய சான்றாக எடுத்துக் காட்டினார். 1975இல் மறையும்வரை அவர் ஆய்வு ஓயவில்லை.

நண்பர்களே! நம் நீலகிரிக்கும் மூணாற்றுக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. இரு மலைகளிலும் தேயிலை உண்டு, கொசுவும் உண்டு. பெயரால் ஒன்றான அவை மரபாலும் ஒன்றுதாமா? ஒரே மருந்து, ஒரே அளவு இரண்டுக்கும் போதுமா? இதை ஆராய்வதே என் விருப்பம். மருந்து தோற்றால், அடித்தவன் கையை மட்டும் பார்த்தல் அறமன்று; பூச்சியின் மரபையும் பார்த்த பின்னரன்றோ பழி சொல்ல வேண்டும்!