பாலசுந்தரத்தின் தலைப்பாகை



மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்துச் செயலாளர் அண்ணை கேட்டார். நான் ஏ.எல். எடுத்ததோடு படிப்பை விட்டவன். இங்கை பிஸ்கட் பக்டரியில் வேலை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

காந்தியைப் பற்றி எழுதுகிறேன். தெரிந்த கதைதானே என்று பக்கத்தைத் திருப்பிப் போடாதையுங்கோ. உப்பும் இராட்டையும் எல்லாருக்கும் தெரியும். அடிபட்ட ஒரு தமிழ்த் தொழிலாளிக்காக நீதிமன்றப் படியேறிய இளம் சட்டத்தரணியைத்தான் நான் சொல்ல வாறன்.

1869 ஒக்டோபர் 2இல் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்த காந்தி, 18 வயதில் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறினார். 1888இல் வந்திறங்கியபோது எங்களைப்போல அவருக்கும் இந்த ஊர் நடைமுறை ஒன்றும் தெரியாது. முதல்நாளே ஹோட்டலுக்கு வந்து பார்த்துப் புத்திமதி சொன்னவர் பிராணஜீவன் மேத்தா என்ற நண்பர். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கோ, பிறகு வரும்.

1891இல் பாரிஸ்டராகி ஊர் திரும்பினார். பம்பாயில் முதல் வழக்கு. சாட்சியைக் கேள்வி கேட்க எழும்பியவருக்கு நாக்கு எழவில்லை. வாங்கிய 30 ரூபாவைத் திருப்பிக் குடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். எங்கட ஊரில் என்றால் அந்த அப்புக்காத்தரைச் சனம் பிறகு திரும்பியும் பாராது.

1893இல் ஒரு வியாபாரியின் வழக்குக்காகத் தென்னாபிரிக்காவின் டேர்பனுக்குப் போனார். அங்கை 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சனத்தைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். சென்னையில் கப்பலேறிய தமிழர் நிறையப்பேர். ஐந்து வருட ஒப்பந்தம். சாதாரண வேலைக்காரன் வேலையை விட்டுப் போனால் அது சிவில் வழக்கு. ஒப்பந்தக் கூலி போனால் குற்றம், மறியல்.

1894இல் காந்தி அங்கை தொழில் தொடங்கி மூன்று நாலு மாதம்தான். ஒருநாள் பாலசுந்தரம் என்ற தமிழர் கந்தோருக்குள் வந்தார். உடுப்புக் கிழிஞ்சிருந்தது, முன்பல் இரண்டு உடைஞ்சு வாயால் இரத்தம். அடிச்சது அவரின் வெள்ளைக்கார முதலாளி. தலைப்பாகையைக் கழட்டிக் கையில் பிடிச்சுக்கொண்டு நடுங்கினார். வெள்ளைக்காரருக்கு முன்னால் அப்படித்தான் நிற்கவேணும் என்று பழக்கியிருந்தார்கள். காந்தி முதலில் தலைப்பாகையைக் கட்டச் சொன்னார். அவரின் கிளாக்கரும் தமிழர், அவர் மூலம் முழுக்கதையையும் கேட்டறிந்தார்.

பிறகு அவர் செய்த ஒழுங்கைக் கவனியுங்கோ. முதலில் டொக்டரிடம் அனுப்பினார். காயத்துக்கு எழுத்தில் சான்றிதழ் வாங்கினார். அதோடு நேரே நீதவானிடம் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தியக்கடதாசி குடுத்தார். நீதவான் முதலாளிக்கு அழைப்பாணை அனுப்பினார்.

முதலாளியை மறியலில் போடுவது காந்தியின் நோக்கம் இல்லை. வழக்கில் வென்றாலும் பாலசுந்தரம் அதே வீட்டுக்குத்தானே திரும்பவேணும்? ஆனபடியால் ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றித் தரும்படி முதலாளியிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினார். கூலிகளுக்குப் பொறுப்பான அதிகாரியும், புது முதலாளியைக் கண்டுபிடித்தால் சரி என்றார். இந்தியர் ஒப்பந்தக் கூலியை வைத்திருக்க முடியாத படியால், காந்தி தெரிந்த சில வெள்ளைக்காரருக்குள்ளேயே ஒருவரைத் தேடிப் பிடித்தார். நீதவான் பழைய முதலாளியைக் குற்றவாளி என்று தீர்த்தார். அதற்குப்பிறகு கூலிச்சனம் காந்தியின் கந்தோரைத் தேடி வரத் தொடங்கியது.

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்களிடம் வருடம் 3 பவுண் வரி கேட்கும் சட்டம் 1895இல் வந்தது. அதற்கு எதிராக 1913இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தில் மறியலுக்குப் போய் நோயோடு வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரியில், 16 வயதில் இறந்தா. அந்த வருடமே வரி நீங்கியது.

இனி மேத்தா. அவர் இரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில் குடியேறிப் பெரிய வியாபாரியானார். காந்தியின் வேலைகளுக்குப் பணம் குடுத்து உதவினார். அவரிடம் காந்தி 1902இலும் 1915இலும் போனார். 1929இல் பர்மாவைச் சுற்றி வந்தார். எங்கட வல்வெட்டித்துறைத் தோணிகள் அரிசி ஏற்றப் போன அதே இரங்கூன்தான். என்ரை பூட்டனாரும் போய் வந்தவராம். அங்கை துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் தெலுங்கரும் தமிழரும் மூட்டை சுமந்தார்கள். மேஸ்திரி குடுத்த முன்பணம்தான் அவர்களைக் கட்டிய கயிறு. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு குடுக்கும் இந்தியச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு 1924 யூலையில் நடைமுறைக்கு வந்தது. பர்மா அப்போது இந்தியாவோடு இருந்தபடியால் இரங்கூனுக்கும் அது பொருந்தியது. ஆனால் எழுத வாசிக்கத் தெரியாமல் மேஸ்திரிக்குக் கடன்பட்டவன், சட்டம் இருக்கு என்றாலும் தனியப் போய்க் கேட்பானா? கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேணும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிச்சு எழுதவில்லை. முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் பெல்ட்டுக்குள் என்ரை இடக்கை நடுவிரல் அகப்பட்டு நுனி போனது. சுப்பவைசர் துணியைச் சுற்றி வீட்டை போகச் சொன்னார். விபத்துப் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை. விசா புதுப்பிக்கக் குடுத்திருந்த நேரம். வாயைத் திறந்தால் விசாவுக்கு வில்லங்கம் வருமோ என்று பயம். பாலசுந்தரத்தின் தலைப்பாகைபோல என்ரை தொப்பியும் கையில்தான் இருந்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு சங்கத்து ஐயா ஒருவர்தான் என்னை இலவச சட்ட ஆலோசனை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். விபத்து நடந்த இரவே ஆஸ்பத்திரியில் எழுதிய துண்டு ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது. நட்டஈடு கிடைத்தது. விரல் திரும்பி வராதுதான். ஆனால் பயம் போனது.

ஆனபடியால் உறவுகளே, வேலையில் காயப்பட்டால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கோ. விபத்துப் புத்தகத்தில் எழுதுவியுங்கோ. கண்டவர்களின் பெயரைக் குறிச்சு வையுங்கோ. பிரித்தானியாவில் வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடம்தான் தவணை, அதைத் தவற விடாதையுங்கோ. பாசை தெரியாதவருக்குத் துணையாக ஒருவர் போங்கோ.

காந்தி 1948 ஜனவரி 30இல் சுடப்பட்டு இறந்தார். அவரைப் பெரிய ஆளாக எல்லாரும் நினைக்கிறோம். பம்பாயில் நாக்கு எழாமல் நின்றவர், டேர்பனில் ஒரு கூலிக்காரனுக்காகப் பேசினார் என்பதுதான் எனக்கு அவரில் பிடிச்சது.