அடங்காத வாயுவை அடக்கியவர்

குட்டீஸ், இன்று காலையில் பல் துலக்கினீர்களா? பல பற்பசைகளில் ஃபுளோரைடு உப்பு இருக்கும். அதற்குள் அடங்கிக் கிடப்பது ஃபுளோரின். ஆனால், அதைத் தனியே பிரித்துவிட்டால் பொல்லாத வாயு! கண்ணாடியையும் அரிக்கும். சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து.

இதைப் பிரிக்க முயன்ற அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்கள் நோயில் விழுந்தார்கள். பெல்ஜியத்தின் லூயே, பிரான்சின் நிக்லெஸ் இருவரும் உயிரையே இழந்தார்கள். அப்படியும் அதைப் பிடித்துக் காட்டியவர்தான் ஹென்றி முவாசான்.

1852 செப்டம்பர் 28 அன்று பாரிசில் பிறந்தார். அப்பா ரயில்வே ஊழியர். அம்மா தையல் வேலை செய்தவர். ஏழைக் குடும்பம். கல்லூரியில் சேரத் தேவையான சான்றிதழ் இல்லாமலேயே முவாசான் பள்ளியை விட்டு நின்றார். கடிகாரக் கடையில் தொழில் பழகினார். பிறகு மருந்துக் கடையில் சேர்ந்தார். ஆர்சனிக் விஷம் சாப்பிட்ட ஒருவரை அங்கே காப்பாற்றினார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, வேதியியல் ஆராய்ச்சியாளர் ஆனார்.

ஹைட்ரஜன் ஃபுளோரைடு திரவத்தில் மின்சாரம் செலுத்தினால் ஃபுளோரின் பிரியும் என்று கணக்குப் போட்டார். ஆனால், தூய திரவத்தில் மின்சாரம் பாயவில்லை. அதில் பொட்டாசியம் ஃபுளோரைடு உப்பைக் கரைத்தார். சாதாரணப் பாத்திரம் தாங்காதே! பிளாட்டினத்தில் வளைந்த குழாய் செய்து, ஃபுளோரைட் என்னும் கனிமத்தில் மூடி போட்டு, கடுங்குளிரில் வைத்தார்.

1886 ஜூன் 26 அன்று வாயு வெளிவந்தது. அதில் பட்ட சிலிக்கன் குப்பென்று தீப்பிடித்தது!

இதைச் சரிபார்க்க அறிவியல் அகாடமியின் பெரியவர்கள் வந்தார்கள். அன்று பார்த்து வாயு வரவேயில்லை. முவாசான் சோர்ந்துவிடவில்லை, காரணத்தைத் தேடினார். பெரியவர்களுக்காக மிகத் தூய்மையான திரவத்தை எடுத்ததால், அதில் உப்பே இல்லை! உப்பைச் சேர்த்ததும் ஃபுளோரின் வந்துவிட்டது.

1906இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பிரெஞ்சுக்காரர் அவர்தான். அடுத்த ஆண்டே, பிப்ரவரி 20இல், 54 வயதில் காலமானார்.

அவர் பிடித்த வாயு எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? 1960களில் விஞ்ஞானிகள் வேதியியல் லேசரைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு வகைக்கு ஹைட்ரஜனும் ஃபுளோரினும்தான் எரிபொருள். இரண்டும் சேரும்போது பிறக்கும் ஆற்றல், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகப் பாய்கிறது. ஒளி நிற்காமல் வர, புது வாயு உள்ளே பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். பழையது வெளியேற வேண்டும். ஃபுளோரினைக் கொண்டுபோக நிக்கல் குழாய் உதவுகிறது. வாயு பட்டதும் உள்பக்கத்தில் மெல்லிய படலம் உண்டாகி, மேலும் அரிக்காமல் காக்கிறது.

எந்தப் பாத்திரம் தாங்கும் என்று முவாசான் யோசித்தார் அல்லவா? லேசர் செய்பவர்களும் முதலில் யோசிப்பது அதைத்தான், குட்டீஸ்!