மூணாவது அட்டெம்ப்ட்டில் பாஸ் ஆனவர்

சாமல்பட்டியில் எங்க தாத்தாவுக்கு கிட்னி பிரச்சனை. மாசம் ஒரு தடவை ரத்த டெஸ்ட். ரிப்போர்ட் வந்ததும் அம்மா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுவாங்க. இன்ஜினியரிங் படிக்கிற பையனுக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நம்பிக்கை! அதில் பாஸ்பரஸ்னு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு நம்பரைத் தேடிப் போனப்போ கிடைத்தவர்தான் எல்லப்பிரகட சுப்பாராவ்.

முதல்ல பிளாஸ்மா. ரத்தத்தில் சுமார் 55 சதவீதம் இந்த இளமஞ்சள் திரவம்தான். அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், சுமார் 7 சதவீதம் புரதம். மிச்சம்தான் உப்புகள், குளுக்கோஸ், யூரியா எல்லாம். பாஸ்பரஸ் 100 மில்லிக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருந்தால் நார்மல். கிட்னி சரியா வடிகட்டலைன்னா அது ஏறும். ஏறினால் எலும்பு பலவீனமாகும், ரத்தக் குழாயில் கால்சியம் படியும். சரி, இவ்வளவு துளியூண்டு பொருளை எப்படி அளக்கிறது?

சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தார். அப்போ அது மெட்ராஸ் மாகாணம். வீட்டில் வறுமை, அப்பாவும் சீக்கிரமே இறந்துட்டார். மெட்ரிகுலேஷன் மூணாவது தடவைதான் பாஸ். அரியர் வெச்சிருக்கிற நண்பர்கள் கவனிக்கவும். அப்புறம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தி சொன்னார்னு கதர் துணியில் ஆபரேஷன் கவுன் போட்டார். சர்ஜரி பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கலை, அதுக்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைச்சது.

மெட்ராஸில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் எடுத்துட்டு, மாமனார் உதவியோடு பாஸ்டன் போனார். ஆஸ்பத்திரியில் பெட்பேன் கழுவி பிழைப்பு. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவோட லேபில் சேர்ந்தார்.

அங்கேதான் நம்ம கேள்விக்குப் பதில். ரத்த மாதிரியில் அமிலம் சேர்த்துப் புரதத்தை வடிகட்டி எடுத்துடணும். தெளிந்த நீரில் அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்தால் அது பாஸ்பேட்டோடு இணையும். கூடவே ஒரு ஒடுக்கி சேர்த்தால் நீல நிறம் வரும். பாஸ்பேட் எவ்வளவோ, நீலமும் அவ்வளவு அடர்த்தி. 1925-ல் ரெண்டு பேரும் வெளியிட்ட இந்த ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை உலகம் முழுக்கப் பரவியது. இன்னைக்கு மெஷினில் அளக்கிற பல லேப்களிலும் அதே மாலிப்டேட் வினைதான் அடிப்படை.

அதே முறையை வெச்சு தசையில் தேடினாங்க. 1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் ஏ.டி.பி. கிடைச்சது. ஜெர்மனியில் லோமானும் அதே சமயம் தனியா ஏ.டி.பி.யைக் கண்டுபிடிச்சிருந்தார். இவ்வளவு பண்ணியும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கலை.

1940-ல் லெடர்லே கம்பெனிக்குப் போனார். ஃபோலிக் அமிலத் தயாரிப்பு, யானைக்கால் நோய்க்கு டி.இ.சி. மாத்திரை, ஆரியோமைசின் ஆன்டிபயாட்டிக் எல்லாம் அவர் குழுவில் இருந்து வந்தவை. சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்தும் அங்கே தயாரானதுதான்.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தார். ஊரில் விட்டுட்டுப் போன மனைவி சேஷகிரி அவரை மறுபடி பார்க்கவே இல்லை. மகன் கைக்குழந்தையாவே இறந்துட்டான். அந்தக் கணக்கை எந்த லேபிலும் அளக்க முடியாது. 1995-ல் இந்தியா தபால் தலை வெளியிட்டது.

தாத்தாவுக்குப் போன மாசம் 5.8. பாலையும் கடலையையும் குறைச்சார், மாத்திரையை விடாம சாப்பிட்டார். இந்த மாசம் 4.9. வீட்டுக்குப் போன் பண்ணி அந்த நீல நிறக் கதையைச் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, அந்த அம்மா பாவம்டான்னு மட்டும் சொன்னார்.