மையால் மலை எழுதிய துறவி

ஓவியம் என்றால் வண்ணங்களே என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். கரிய மை ஒன்றையே கொண்டு மலையையும் பனியையும் நீரையும் எழுதிப் பெரும் புகழ் எய்தியவர் ஜப்பானியத் துறவி செஷ்ஷூ. 'பனிப்படகு' என்பது அப்பெயரின் பொருளாகும்.

1420ஆம் ஆண்டில், இன்றைய ஒகயாமா மாநிலப் பகுதியில் அவர் பிறந்தார். இளமையிலேயே சென் பௌத்த மடத்தில் சேர்க்கப்பட்டார். பாடத்தை விட்டுப் படம் வரைந்ததற்காகத் தூணில் கட்டப்பட்ட சிறுவன், தன் கண்ணீரைத் தொட்டுக் கால்விரலால் எலி வரைந்தான் என்றும், அதனை உயிருள்ள எலி என்றே குரு மயங்கினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். பின்னர்க் கியோத்தோ நகரின் ஷோகொகுஜி மடத்தில் ஓவியர் ஷூபுனிடம் பயின்றார். அதன்பின் யமகுச்சி சென்று, சீனத்தோடு வாணிகம் நடத்திய ஓஉச்சி குலத்தாரின் ஆதரவில் வாழ்ந்தார்.

1467இல் தூதுக் கப்பலில் சீனம் புறப்பட்டார். அதே ஆண்டில் கியோத்தோவில் ஓனின் போர் மூண்டது; அவர் பயின்ற மடமும் தீக்கிரையாயிற்று. சீனத்தில் ஈராண்டுகள் தங்கி, பீக்கிங் வரை சென்றார். ஓவியச் சுருள்களில் மட்டுமே கண்டிருந்த மலைகளையும் ஆறுகளையும் நேரிற் கண்டார். 1469இல் நாடு திரும்பினார்.

சீனப் பாணியைக் கொணர்ந்தவர் என்று மட்டும் அவரைக் கூறிவிடுவார் உளர். அது பாதி உண்மையே. 1495இல், ஊர் திரும்பவிருந்த சோஎன் என்னும் மாணவர், தாம் பயின்றமைக்குச் சான்றாக ஓர் ஓவியம் வேண்டினார். (பட்டச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் நமக்கு அந்த மாணவரின் ஆவல் புரியும்!) செஷ்ஷூ ஒரு மலைக்காட்சி எழுதி, அதன் மேற்பகுதியில் தம் வரலாற்றையும் குறித்தார். சீனத்தில் ஆசான் தேடியதையும், அங்குச் சிலவற்றைக் கற்றதையும், நாடு திரும்பிய பின்னரே ஷூபுன் முதலிய தம் நாட்டு முன்னோரின் பெருமை விளங்கியதையும் அதில் சொல்கிறார்.

அவ்வோவியம் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. முதற்பார்வையில் சிந்திய மை போலத்தான் தோன்றும். சற்று நின்று நோக்க வேண்டும். வெளிறிய மை பின்னே ஒதுங்கித் தூரத்து மலையாகும்; அடர்ந்த மை முன்வந்து பாறையும் மரமும் ஆகும். அதன் அடியில் கூரைகள், மதுக்கடைக் கொடி. வலப்புறம் இருவர் அமர்ந்த சிறு படகு. படகைச் சுற்றியுள்ளது பெரும்பாலும் வெற்றுத்தாளே. ஆயினும் படகைக் கண்டதும் அந்த வெறுமை நீராகிவிடுகிறது. மலையடியில் அதே வெறுமை மூடுபனியாகிறது. வெளிறிய மையின் ஈரம் உலருமுன் அடர் மையை இடவேண்டும், அழித்தெழுத வழியில்லை.

அடுத்த ஆண்டே எழுதிய போதிதருமர் ஓவியம் முற்றிலும் வேறானது. தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்றவர் என்று மரபு கூறும் அம்முனிவர், குகைச் சுவரை நோக்கி அமர்ந்திருக்கிறார். பின்னால், தம்மை மாணாக்கராக ஏற்க வேண்டித் தம் கையையே வெட்டி ஏந்தி நிற்கிறார் ஹுயிகே. குரு திரும்பவில்லை. அவர் ஆடையைத் தடித்த, வெளிறிய கோடு ஒன்றே சூழ்ந்து நிற்கிறது. அந்தக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து சென்றால், அவர் அமைதியின் கனம் விளங்கும்.

எண்பது கடந்தபின், அமனோஹாஷிதாதே கடற்கரையை வரைந்தார். 1501இல் எழுப்பப்பட்ட கோபுரம் ஒன்று அதில் காணப்படுவதால், அவ்வோவியம் அதற்குப் பிற்பட்டது என்பர். சிறு தாள்களை ஒட்டி எழுதிய அதில், வானிலிருந்து பறவை காண்பதுபோல் கடலும் ஊரும் மலையும் விரிகின்றன. 1506இல் அவர் மறைந்ததாகக் கருதப்படுகிறது.