எதிரொலியில் இசையைக் கண்ட பேராசிரியர் அமர் போஸ்

ஒலிபெருக்கிகளிலும் ஹெட்போன்களிலும் உலகெங்கும் காணப்படும் 'போஸ்' என்ற பெயர், வங்காளத்தைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் குடும்பப் பெயராகும். பிரிட்டிஷ் அரசின் பிடியிலிருந்து தப்பி, 1920-ஆம் ஆண்டில் கல்கத்தாவை விட்டு அமெரிக்கா சென்ற நோனி கோபால் போஸின் மகனான அமர் போஸ், 1929 நவம்பர் 2 அன்று பிலடெல்பியாவில் பிறந்தார். தாயார் அமெரிக்கப் பள்ளி ஆசிரியை.

நிறத்தைக் காரணம் காட்டி அக்குடும்பத்துக்கு உணவகங்களில் உணவு மறுக்கப்பட்ட காலம் அது. இரண்டாம் உலகப் போரின்போது தந்தையின் இறக்குமதி வணிகம் நலிவடைந்தது. அப்போது 13 வயதே ஆகியிருந்த அமர், வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துக் குடும்ப வருமானத்துக்குத் துணை நின்றார்.

எம்ஐடி எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் கணிதமேதை நோர்பர்ட் வீனர், யுக்-விங் லீ ஆகியோரின் வழிகாட்டுதலில் பயின்று, 1956-இல் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலகட்டத்தில் அவர் ஆசையுடன் ஸ்டீரியோ கருவி ஒன்றை வாங்கினார். தொழில்நுட்ப விவரக் குறிப்பில் அது சிறந்த கருவி. ஆனால், சிறுவயதில் வயலின் பயின்ற அவரது காதுக்கு அதன் ஒலி செயற்கையாகப் பட்டது. எண்களுக்கும் செவிக்கும் இடையிலான இந்த முரண்பாடே அவரது வாழ்நாள் ஆய்வாக மாறியது.

இசையரங்கில் ஒலியின் பெரும்பகுதி மேடையிலிருந்து நேராக வருவதில்லை. சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பியே ரசிகரை அடைகிறது. இதை வீட்டுக்குள் கொண்டுவர முனைந்த அவர், 1964-இல் போஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆசிரியர் லீயும் அதில் முதலீடு செய்தார். 22 ஒலிப்பான்கள் கொண்ட முதல் ஒலிபெருக்கி விற்பனையில் தோல்வியடைந்தது. 1968-இல் வெளியான '901' அந்நிலையை மாற்றியது. அதிலிருந்த 9 ஒலிப்பான்களில் 8 சுவரை நோக்கியே அமைக்கப்பட்டிருந்தன. அதைக் குறைகூறி மதிப்பீடு வெளியிட்ட நுகர்வோர் இதழ் மீது நிறுவனம் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1984-இல் தோல்வியில் முடிந்தது. விமர்சனத்தை ஏற்பதில் போஸ் அத்தனை தாராளமானவர் அல்லர் என்றே இதிலிருந்து கருத வேண்டியுள்ளது.

1978-இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் விமானத்தில், இரைச்சலுக்கு எதிரான அலையை உருவாக்கி அதை அடக்கும் வழியைப் பயணத்தின்போதே கணக்கிடத் தொடங்கினார். அக்கருத்து விமானிகளுக்கான ஹெட்செட்டாக விற்பனைக்கு வர 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. உடனடி லாபம் தராத இத்தகைய ஆய்வுகளுக்குப் பங்குதாரர்கள் இடமளிக்க மாட்டார்கள் என்பதாலேயே, நிறுவனத்தைப் பங்குச் சந்தையில் பட்டியலிட அவர் கடைசி வரை இசையவில்லை.

பெரும் செல்வம் சேர்ந்த பின்னரும் வகுப்பறையை அவர் கைவிடவில்லை. 2001 வரை எம்ஐடியில் கற்பித்தார். 2011-இல் நிறுவனப் பங்குகளில் பெரும்பாலானவற்றை, வாக்குரிமை இல்லாத பங்குகளாக, எம்ஐடிக்கே வழங்கினார். அவற்றை விற்கவோ நிர்வாகத்தில் தலையிடவோ முடியாது. ஈவுத்தொகையைக் கல்விக்கும் ஆய்வுக்கும் பயன்படுத்தலாம் என்பது ஏற்பாடு. 2013 ஜூலை 12 அன்று, தமது 83-ஆவது வயதில் போஸ் காலமானார்.