மரச் சாராயத்தின் முகத்திரையைக் கிழித்தவர்

புந்தோங்கில் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்கு வேர் ஏதாவதொரு தோட்டத்தில்தான் இருக்கிறது. கச்சாங் பூத்தே வறுக்கிற வாடையும் முறுக்கு சுடுகிற வாடையும் கலந்து வருகிற அந்தத் தெருக்களில், சாயங்கால நேரத்தில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் பேச்சு பழைய பெரட்டுக் களத்துக்கே போய்ச் சேரும். வெட்டு, பால் கொட்டாய், கங்காணி, கள்ளுக்கடை, அப்புறம் சம்சு. இன்னார் சம்சு குடிச்சு செத்தான் என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அதோடு கதை முடிந்துவிடும். அந்தச் சம்சுவில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

நாம் சிறு வயதில் இருந்த லயத்தில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டுப் படுத்தார். திங்கட்கிழமை விடியலில் எழும்பி, விளக்கு ஏற்றாமல் என்ன செய்கிறாய் என்று பெண்டாட்டியை ஏசினார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். குடிகாரன் செத்தான் என்று ஊர் சொன்னது. அந்த அம்மாளும் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வாழ்ந்தார்கள்.

அந்த விளக்கு ஏன் தெரியாமல் போனது என்பதைச் சோதனைச் சாலையில் வைத்து விடை கண்டவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம். பெயர் அலெக்சாண்டர் கெட்லர். நம் பக்கம் அவ்வளவாக அறியாத பெயர்தான். ஆனால் விஷத்தைக் கண்டுபிடிக்கும் இரசாயனத் துறையில் அமெரிக்காவில் அவரைத் தந்தை ஸ்தானத்தில் வைத்திருக்கிறார்கள்.

கெட்லர் 1883ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த கலீசியா என்னும் பிரதேசத்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஆயிரமாயிரம் குடும்பங்களோடு சிறு பிள்ளையாக நியூயார்க் வந்து சேர்ந்தார். நம் பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய காலமும் ஏறக்குறைய அதுதான். புரூக்ளினில் வளர்ந்தார். பகலில் கல்லூரி, இரவில் வேலை. ஆற்றைக் கடக்கும் படகுத் துறையில் இரவு ஷிப்டில் டிக்கெட் விற்றுக்கொண்டே படித்து, 1912ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு பெல்வியூ என்னும் பொது மருத்துவமனையில் இரசாயனியாக அமர்ந்தார். காசில்லாதவன் வந்து படுக்கிற ஆஸ்பத்திரி அது.

அந்தக் காலத்து நியூயார்க்கில் ஒருவர் எப்படிச் செத்தார் என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம் கொரோனர் என்பவரிடம் இருந்தது. அவர் டாக்டராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கட்சிக்காரன் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். காசு கொடுத்தால் கொலைகூட மாரடைப்பாக மாறும். இந்த அக்கிரமத்தை ஒழித்து 1918ல் டாக்டர் ஒருவரையே தலைமை மரண விசாரணை அதிகாரியாக நியமித்தார்கள். அவர்தான் சார்லஸ் நோரிஸ். பெரிய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. நகராட்சி பணம் தராதபோது தன் கைக்காசைப் போட்டு இலாகாவை நடத்திய மனிதர். அவர் தேடிப் பிடித்துச் சோதனைச் சாலைப் பொறுப்பைக் கொடுத்தது கெட்லருக்கு. பணக்காரரும் டிக்கெட் விற்றவரும் ஜோடி சேர்ந்தார்கள். அப்படிப் பொருந்திய ஜோடியை நாம் அதிகம் பார்த்ததில்லை.

கெட்லருக்குக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. ஆகவே கசாப்புக் கடையில் ஈரல் வாங்கி வருவார். அதில் தாமே விஷத்தை அளந்து கலப்பார். பிறகு எவ்வளவு குறைந்த அளவு வரை தம்மால் கண்டுபிடிக்க முடிகிறது என்று திரும்பத் திரும்பச் சோதிப்பார். குதிரைப் பந்தயப் பித்து மட்டும் உண்டு. ஈப்போக்காரர்கள் அதை மன்னித்துவிடுவார்கள் என்று நம்புகிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சாராயம் என்று நாம் சொல்வது எத்தனால். அதற்கு ஒரு தம்பி இருக்கிறான், பெயர் மெத்தனால். முன்பு மரத்தைக் காய்ச்சி வடித்ததால் மரச் சாராயம் என்று பெயர். வார்னிஷ், சாயம், தொழிற்சாலை வேலை இவற்றுக்கு உதவுவது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி தெளிந்த தண்ணீர். மணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. பற்ற வைத்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்று சில பேர் சொல்வது வெறும் கதை. மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும்.

மெத்தனால் வயிற்றுக்குள் போன உடனே கொல்வதில்லை. ஈரல் அதை மெல்ல மெல்ல மாற்றும். முதலில் பார்மால்டிஹைட், அப்புறம் பார்மிக் ஆசிட். பால் ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவோமே, அதே ஆசிட். அது உடம்புக்குள்ளேயே ஊறினால் என்ன ஆகும்? முதலில் கண் நரம்பைத் தாக்கும். குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் பார்வை பனி மூட்டம் போல மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். போதைதான் இறங்குகிறது என்று எண்ணிப் படுத்துக்கொள்பவன் எழும்புவதில்லை. பத்து மில்லியே கண்ணைப் பறித்துவிடலாம், முப்பது மில்லி உயிரையே எடுத்துவிடலாம். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் மாற்று மருந்து இருக்கிறது, இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இருக்கிறது, பிழைக்கலாம். எலுமிச்சம் பழமும் மோரும் கொடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருந்தால் பிழைக்க வழியில்லை.

1919ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் வரப்போகிறது என்று எல்லாரும் சரக்கு தேடி அலைந்த நேரம். கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பக்கத்தில் விஸ்கி என்று விற்றதைக் குடித்துப் பல பத்துப் பேர் செத்தார்கள். மூலத்தைத் தேடிப் போனால், புரூக்ளினில் பிண அடக்கத் தொழில் நடத்திய ஒருவரிடமிருந்து வந்த மரச் சாராயப் பீப்பாய்கள் அவை. தொழிலுக்கு ஆள் சேர்த்தார் போலிருக்கிறது!

மரச் சாராயத்தைச் சவத்தில் கண்டுபிடிக்க அந்நாளில் பல முறைகள் சொல்லப்பட்டன. ஆனால் எது நம்பகமானது என்று யாருக்கும் தெரியாது. சில முறைகள் நல்ல சாராயத்தையே விஷம் என்று காட்டிவிடும், சில விஷத்தையே தவற விடும். கெட்லர் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறைகளை ஒன்றுவிடாமல் சோதித்து, தேறியவை இவை, தேறாதவை இவை என்று 1920ல் கட்டுரை வெளியிட்டார். வேலை இப்படித்தான்: இறந்தவரின் உறுப்பில் சிறு பகுதியை அரைத்து, நீராவி செலுத்தி வடிப்பார்கள். வடிந்து வரும் நீரில் மெத்தனால் இருந்தால் அதைப் பார்மால்டிஹைடாக மாற்றலாம். சிவக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியை அதில் முக்குவதே அதற்கு ஒரு வழி. பிறகு மருந்துத் துளிகளை விட்டால் நிறம் எழும். நிறம் வந்தால் குடித்தது என்ன என்று சவமே சாட்சி சொன்ன மாதிரி.

1920 ஜனவரியில் சட்டம் அமலுக்கு வந்தது. குடி நிற்கவில்லை. தொழிற்சாலைகளுக்கென்று போகும் சாராயத்தைக் கள்ளக் கடத்தல்காரர்கள் திருடி, மறுபடி காய்ச்சி விற்றார்கள். அந்தச் சாராயத்தை யாரும் குடிக்காதபடி அதில் மெத்தனால், மண்ணெண்ணெய், பென்சீன், பாதரச உப்பு என்று என்னென்னவோ கலக்கச் சொன்னது அரசாங்கமே. குடிக்கிறான் என்று தெரிந்த பிறகு, மெத்தனாலை இன்னும் கூட்டிக் கலக்கவும் உத்தரவு போட்டது. கார் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் குழாயாக வைத்துக் காய்ச்சியவர்களும் உண்டு. பற்றவைத்த ஈயம் அதில் கரைந்து வரும். நம் தோட்டங்களிலும் சம்சுவில் பேட்டரி மருந்து, உரம் என்று போட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். காய்ச்சுகிறவன் புத்தி எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

1926 கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க்கில் அறுபதுக்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்தால் விழுந்தார்கள். எட்டுப் பேர் செத்தார்கள். அடுத்த இரண்டு நாளில் இன்னும் 23 பேர். அந்த ஆண்டு மட்டும் அந்த நகரில் இறந்தவர்கள் 400 பேர் அளவில். மறு ஆண்டு 700 ஆனது. கெட்லரின் மேசையில் வந்து குவிந்த பாட்டில்களும் சவங்களும் ஒரே விடையைச் சொல்லின. நோரிஸ் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, குடிப்பார்கள் என்று தெரிந்தே விஷத்தைக் கலக்கும் அரசாங்கத்துக்கு இந்தச் சாவுகளில் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று பகிரங்கமாகக் கூறினார். காசுள்ளவன் நல்ல சரக்கை வாங்கிக்கொள்கிறான், சாகிறவன் மட்டரகம் வாங்கும் ஏழைதான் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஆனால் கையில் கெட்லரின் கணக்கு இல்லாமல் நோரிஸ் என்னதான் பேசியிருந்தாலும் எடுபட்டிருக்குமா?

அதே 1926ல் இன்னொரு சம்பவம். புரூக்ளின் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு கூலியாள், தன்னோடு குடித்துச் சண்டை போட்ட பெண் விடிந்ததும் பிணமாகக் கிடப்பதைக் கண்டான். நாம்தான் அடித்துக் கொன்றுவிட்டோம் என்று பயந்துபோய், உடலை வெட்டி அப்புறப்படுத்தப் போகையில் பிடிபட்டான். மரண தண்டனை நிச்சயம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சவத்தின் இரத்தம் அதிகச் சிவப்பாக இருப்பதை நோரிஸ் கவனித்தார். கெட்லர் சோதித்தபோது அடுப்பிலிருந்து வந்த விஷ வாயுதான் அவளைக் கொன்றது என்று தெரிந்தது. கொலைக் குற்றத்திலிருந்து அவன் விடுதலை ஆனான், உடலை வெட்டியதற்கு மட்டும் தண்டனை பெற்றான். அவன் குடிகாரன்தான், கூலியாள்தான். அதற்காகச் செய்யாத கொலையை அவன் தலையில் கட்ட முடியவில்லை.

1933 டிசம்பரில் மதுவிலக்கு ரத்தானது. 1935ல் நோரிஸ் காலமானார். கெட்லர் தம் மேசையை விடவில்லை. 1959 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே உழைத்தார். அவரிடம் பயின்ற இளைஞர்கள் வெளியூர்ச் சோதனைச் சாலைகளுக்குத் தலைவர்களாகப் போனார்கள். 1968ல் தமது 84ஆம் வயதில் கண்ணை மூடினார்.

மரச் சாராயம் அவரோடு போகவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் தலைநகரிலும் மலிவு விலை மதுவைக் குடித்து நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். பிழைக்க வந்த நேப்பாள, வங்காள தேசத் தொழிலாளர்களும் நம்மவர்களும் அதில் அடக்கம். 2024 ஜூனில் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டு இடத்திலும் மெத்தனால்தான் என்று சொன்னது சோதனைச் சாலை. இன்று நிறம் பார்க்கும் வேலையைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. ஊசி முனையளவு திரவத்தை ஆவியாக்கி நீண்ட மெல்லிய குழாய் வழியே ஓட விட்டால், எத்தனால் ஒரு நேரத்திலும் மெத்தனால் ஒரு நேரத்திலும் தனித்தனியாக வெளியே வரும். எது எவ்வளவு என்று தாளில் கோடு விழுந்துவிடும். நம் நாட்டில் அந்த வேலை இரசாயன இலாகாவுடையது. ஈப்போவிலும் அதன் கிளை இருக்கிறது.

தோட்டத்தில் நாம் கொண்டு வந்த பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க அன்றே மெட்ரோலாக் இருந்தது. கிராணி அதை வாளியில் மிதக்க விட்டுக் கண்ணை இடுக்கிப் பார்ப்பார், ஒரு கோடு குறைந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள். அதே தோட்டத்து ஓரத்தில் விற்ற சம்சுவில் மிதக்க விட ஒன்றும் இருந்ததில்லை. நம் லயத்தில் விளக்கு தெரியாமல் போனவர் குடித்த பாட்டில், அவரைத் தூக்கிப் போன அன்றே கழுவிக் கவிழ்க்கப்பட்டு, அடுத்த வாரம் வேறொருவர் வீட்டில் மண்ணெண்ணெய் வாங்கப் போய்வந்துகொண்டிருந்தது.